கொல்லையில் சாரை இருக்கட்டும்

போன தை மாதம், சம்பா அறுவடை முடிந்த சமயம். விடிகாலை ஐந்து மணி இருக்கும். முப்பது வயதுப் பெண் ஒருவரை வயிற்றுவலி என்று ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வழியில் இரண்டு தடவை வாந்தி. "ராத்திரி மீன் குழம்பு சாப்பிட்டுச்சு டாக்டர், அது சேரல போல" என்றார் கணவர். நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பேசப் பேச அவருடைய இமை கீழே இறங்கிக்கொண்டே வந்தது. தூக்கக் கலக்கம் என்று யாரும் விட்டுவிடுவார்கள். "மேலே பாரும்மா" என்றேன். புருவம் ஏறியது, இமை ஏறவில்லை. "ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?" என்று கேட்டேன். பின்கட்டில், தரையில் பாய் விரித்து, நெல் மூட்டை ஓரமாக.

உடம்பு முழுக்கத் தேடினோம். பல் பட்ட தடம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இப்படித்தான். பல் சிறியது. வீங்காது, பெரிதாக வலிக்காது. தூங்குகிறவர் எறும்பு கடித்ததாக நினைத்துப் புரண்டு படுத்துவிடுவார். சில மணி நேரத்தில் வயிற்றுவலி வரும், இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். அந்தப் பெண்ணுக்கு விஷமுறிவு மருந்து ஏற்றி, மூச்சுக்குழாயில் குழாய் செருகி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். நான்கு நாள் வெண்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தார். மூட்டைகளை நகர்த்தியபோது அடியில் கட்டுவிரியன் கிடந்தது என்று கணவர் பிறகு வந்து சொன்னார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் கொல்லையில் திரிந்த ஆறடிச் சாரையை ஆள் வைத்து அடித்தார்களாம். அதை அடித்ததால் இது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எலி பிடித்துத் தின்றுகொண்டிருந்ததைக் கொன்றுவிட்டு, எலி தேடி வரும் நெல்லை வீட்டுக்குள் அடுக்கி, அதன் பக்கத்திலேயே தலையணை போட்டுப் படுத்திருக்கிறார்கள். டெல்டாவில் முக்கால்வாசி வீடுகளில் இதுதான் நிலைமை.

"கொல்லையில பாம்பு திரியுது டாக்டர், என்ன செய்யலாம்?" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. என் பதில் எப்போதும் ஒன்றுதான். கொல்லையில் இருக்கட்டும். அது வீட்டுக்குள் வருவதற்கான காரணத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். கொல்லை என்றால் வாழை, தென்னை, பூவரசு வேலி, வாய்க்கால். அங்கே தவளை இருக்கும், ஓணான் இருக்கும், கீரி வரும், செம்போத்து இறங்கும், இவற்றோடு பாம்பும் இருக்கும். ஒன்றை அடித்தால் பத்து நாளில் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும்.

நம் ஊரில் உயிரை எடுக்கும் கடிகளில் பெரும்பகுதி நான்கே பாம்புகளுடையது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சுருட்டை வறண்ட பக்கத்துப் பாம்பு, இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அதிகம். மற்றவற்றைப் பற்றி நாம் கட்டி வைத்திருக்கும் கதைகள்தான் விஷமாக இருக்கின்றன. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பார்கள். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, பிணம் எரிகிறதா என்று சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்க்கும் என்பார்கள். பச்சைப்பாம்புக்கு மனிதனுக்கு ஆபத்தான விஷம் கிடையாது, கொம்பேறி மூக்கனுக்கு விஷமே கிடையாது. சாரையும் நல்ல பாம்பும் ஜோடி சேரும் என்பதும் பொய். இரண்டு சாரை பின்னிப் பிணைந்து எழும்புவதைப் பார்த்து ஜோடி என்று கும்பிடுகிறோமே, பல சமயம் அது இரண்டு ஆண் சாரைகளின் சண்டை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். பின்சுவரை ஒட்டி விறகு, அதன்மேல் தென்னை மட்டை, பக்கத்தில் வறட்டி அடுக்கு. கதவுக்கடியில் என் நான்கு விரலும் நுழையும் அளவுக்குச் சந்து. குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்கு மூடி இல்லை, வெளியே அந்த ஈரத்தில் ஏழெட்டுத் தவளை. கோழிக்கூடை வீட்டுக்குள்ளேயே, கட்டிலுக்குக் கீழே. இத்தனை இருக்கும்போது பாம்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

செலவு அதிகம் வைக்காமலே மாற்றினார்கள். விறகும் மட்டையும் வேலியோரம் போயின, தரையில் படாமல் கல் வைத்து அதன்மேல். சுவரைச் சுற்றி நாலடிக்குச் செத்தை இல்லாமல் கூட்டிவிட்டார்கள். தண்ணீர் ஓட்டைக்குக் கம்பி வலை, கதவடியில் ரப்பர் பட்டை. நெல் மூட்டை பலகை மேல் ஏறி, படுக்கும் இடத்தை விட்டு வேறு அறைக்குப் போனது. கோழிக்கூண்டு வெளியே. பெரிய மாற்றம் கட்டிலும் கொசுவலையும்தான். வலையைச் சும்மா தொங்கவிட்டால் போதாது, விளிம்பைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருக வேண்டும். கட்டில் வாங்க வழியில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வலையைத்தான். தரையில் படுத்தாலும் செருகிய வலைக்குள் கட்டுவிரியன் சுலபமாக வர முடியாது.

அப்புறம் டார்ச். இரவில் கொல்லைக்குப் போகும்போது வெறுங்காலும் இருட்டும் சேர்ந்தால்தான் கண்ணாடி விரியன் கடி. அது ஓடாது, கிடந்த இடத்திலேயே சுருண்டு, குக்கர் போலச் சீறும். பார்க்காமல் மிதித்துவிடுகிறோம். செல்போன் வெளிச்சமாவது காலுக்கு முன்னால் விழட்டும், செருப்பு இருக்கட்டும். விறகு எடுக்கும்போது கையை நேராக விடாமல் குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள்.

வாசலில் சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராது, பூண்டு கரைத்துத் தெளித்தால் வராது, பினாயில் ஊற்றினால் வராது என்று நம்பிப் பலர் மற்ற வேலையை விட்டுவிடுகிறார்கள். சிறியாநங்கைச் செடிக்கு அடியிலேயே பாம்பு கிடந்ததாகச் சொல்லி வந்தவருக்கு நான் சிகிச்சை பார்த்திருக்கிறேன். தோட்டத்தைச் சுற்றிப் பழைய மீன்வலையும் கட்டாதீர்கள். அதில் சாரை மாட்டி உடம்பு அறுந்து சாகும். எடுத்துவிடப் போகிறவர் கடி வாங்குவார்.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். ஒருவர் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்யட்டும். கம்பெடுத்துப் போய்க் கடிபட்டு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அடிப்பது குற்றமும்கூட.

மீறிக் கடித்துவிட்டால் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கயிறு இறுக்கிக் கட்டிக் கறுத்துப்போன விரல்களை வெட்டி எடுக்க வேண்டிவந்ததைப் பார்த்திருக்கிறேன். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், துண்டான தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும். எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாங்கள் போடுவது நான்கு பாம்புக்கும் சேர்ந்த ஒரே மருந்து. சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். உறையாவிட்டால் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ விஷம் ஏற்றியிருக்கிறது என்று தெரிந்துவிடும். உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பவும் மாட்டோம், ஒரு நாள் வைத்துப் பார்ப்போம்.

அந்த மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கை எடுத்துத் தருபவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978-ல் தொடங்கியது. முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள், இப்போது பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்பது 2000 முதல் 2019 வரையிலான மரணங்களை வைத்துப் போட்ட கணக்கு. தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், தனியார் மருத்துவமனையும் சேர்த்து. கடித்தது தெரியாமல், வயிற்றுவலி என்றே செத்துப்போனவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன்: தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்தால், சோடா வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் அவர் இமையைப் பாருங்கள்.