பழைய பவுடர் டின்னைத் தூக்கிப் போடாதீர்கள்

2025 தொடக்கத்தில் ஒரு மாலை, சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்திலிருந்து ஓர் அக்கா மகளோடு என் அலுவலகத்துக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர். பழைய துணியில் சுற்றிய பவுடர் டின் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். லேபிள் பாதி தேய்ந்திருந்தது. "முப்பது வருஷமா இதுதான் வக்கீலம்மா. குளிச்சிட்டு வந்தா உடம்பெல்லாம் போட்டுக்குவேன்" என்றார். 2021இல் அவருக்குச் சினைப்பைப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்திருந்தது. பவுடரால் புற்றுநோய் வந்தது என்று வழக்குப் போட்டவர்களுக்கு அமெரிக்காவில் மில்லியன் கணக்கில் இழப்பீடு கொடுக்கிறார்களாமே, அம்மாவுக்கும் கிடைக்குமா என்று மகள் கேட்டார். (அவர்கள் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.)

இந்தப் பவுடரின் மூலப்பொருளான டால்க், பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் கனிமம். சில இடங்களில் அதன் பக்கத்திலேயே கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், படிந்திருக்கும். கல்நார் புற்றுநோய் தரும் என்பதில் சந்தேகமே இல்லை. கல்நார் கலக்காத டால்க்கைப் பற்றித்தான் இன்னும் வாதம் ஓடுகிறது. 2020இல் சுமார் 2,50,000 பெண்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வில், பவுடருக்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் உறுதியான தொடர்பு தெரியவில்லை. 2024இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டால்க்கை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பிறைச்சியும் அதே வகையில்தான் இருக்கிறது. ஆகவே, அந்த வகைப்பாட்டை மட்டும் காட்டி நீதிபதியிடம் 'இந்த டின்தான் காரணம்' என்று சொல்லிவிட முடியாது.

2018இல் மிசௌரியில் வழக்குப் போட்ட 22 பெண்களுக்கு, பவுடர் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 4.69 பில்லியன் டாலர் தர வேண்டும் என்று ஜூரி சொன்னது உண்மை. மேல்முறையீட்டில் அது சுமார் 2.1 பில்லியனாகக் குறைந்ததை வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்புவதில்லை. தன் பவுடர் பாதுகாப்பானது என்றே அந்த நிறுவனம் இன்றும் சொல்கிறது. சிங்கப்பூரில் ஜூரியும் கிடையாது, ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து நடத்தும் அமெரிக்க பாணி வழக்கும் கிடையாது. உங்கள் உடம்புக்கு வந்த நோயை, உங்கள் சாட்சியத்தோடும் நிபுணர்களின் கருத்தோடும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தோற்றால் பொதுவாக எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

அக்காவிடம் நான் முதலில் கேட்டது டின்னைப் பற்றி அல்ல. "பவுடரால இருக்கலாம்னு எப்போ தெரிஞ்சது?" என்றுதான் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தேடிப் பார்த்தார். டால்க் பவுடர் விற்பனையை உலகம் முழுக்க நிறுத்தப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்த செய்தி அங்கே இருந்தது. தேதி, ஆகஸ்ட் 2022. கீழே அக்காவே 'ஐயோ, நானும் இதானே போட்டேன்' என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. நம் காலவரம்புச் சட்டப்படி, கவனக்குறைவால் உடலுக்கு நேர்ந்த பாதிப்புக்கு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். பாதிப்பையும் அதன் காரணத்தையும் பின்னால்தான் அறிந்தீர்கள் என்றால், அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. முயன்றால் தெரிந்துகொண்டிருக்கக் கூடியதையும் நீதிமன்றம் 'அறிந்தது' என்றே எடுத்துக்கொள்ளும். 2021இலேயே காலம் ஓடத் தொடங்கிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். நம் பக்கம் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், கையில் சில மாதங்கள்தான் மிச்சம். இன்னும் ஓர் ஆண்டு கழித்து வந்திருந்தால் பேசுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

அப்புறம்தான் டின். அடிப்பக்கத்தைத் திருப்பினேன். தொகுதி எண் மங்கலாக இருந்தது, தயாரித்த நாட்டின் பெயர் தெளிவாக இருந்தது. நம் வீடுகளில் இது முக்கியம். இங்கே தேக்கா சந்தையில் வாங்கிய டின்னும், ஊருக்குப் போய்வந்தபோது பெட்டியில் வந்த டின்னும் சட்டத்துக்கு ஒன்றல்ல. யார் மேல் வழக்கு, எந்த நாட்டு நீதிமன்றத்தில் என்பதே மாறிவிடும். முப்பது வருட ரசீதை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அக்கா வீட்டில் தொட்டில் போட்ட விழாப் படம் ஒன்று கிடைத்தது. குழந்தைக்குப் பக்கத்தில், தாம்பாளத்தில் அதே டின்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று உண்டு. அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை மருத்துவமனை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருக்கும். அதில் டால்க், கல்நார்த் துகள்கள் இருக்கின்றனவா என்று நிபுணர்களால் தேட முடியும். காலாகாலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள். அழிக்க வேண்டாம் என்று அன்றே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினோம்.

ஃபேஸ்புக்கில் 'பவுடர் இழப்பீடு, இப்போதே பதிவு செய்யுங்கள்' என்று வரும் விளம்பரங்களில் பெயர், மருத்துவ அறிக்கை எதையும் கொடுக்காதீர்கள். முன்பணம் கேட்டால் உடனே விலகிவிடுங்கள். இங்கே பவுடர் போட்டவர் அங்கே வழக்குப் போட்டால், 'உங்கள் ஊரிலேயே போய்க் கேளுங்கள்' என்று அமெரிக்க நீதிமன்றம் திருப்பி அனுப்பவும் கூடும். இப்படிப்பட்ட வழக்கில் கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று பேசி நடத்த சிங்கப்பூர் வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை. வசதி குறைந்தவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி அலுவலகமான லீகல் எய்ட் பியூரோவில் விண்ணப்பிக்கலாம்.

நோயாளி இறந்துவிட்டாலும், அவரை நம்பியிருந்த கணவரோ பிள்ளைகளோ கேட்க வழி உண்டு. அவர்களுக்கும் மூன்று ஆண்டுக் கணக்கு உண்டு. துக்கத்தில் இருப்பவர்களிடம் தேதி கேட்க எனக்கும் மனம் வராது. ஆனாலும் கேட்கிறேன்.