பழைய ஆல்பம்தான் பெஸ்ட்: மெட்டல் ரசிகரின் காதுக்குள் நடப்பது என்ன?

ஹெவி மெட்டல் என்னும் அதிரடி ராக் இசையின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். "மெட்டாலிகா 1988-ஓட முடிஞ்சுபோச்சு" என்று அந்த அமெரிக்க இசைக்குழுவைப் பற்றிச் சொல்வார் ஒருவர். "1991 ஆல்பம் கேட்டுத்தான் நான் இந்தப் பக்கமே வந்தேன்" என்பார் இன்னொருவர். மூன்றாமவருக்கு முதல் ஆல்பத்துக்கு அப்புறம் வந்தது எதுவுமே உருப்படியில்லை. நாலாமவர் ஸ்வீடன் குழுவான ஓபெத் பேச்சை எடுப்பார். அதோடு அன்றைக்குத் தூக்கம் போச்சு.

இந்தச் சண்டைகளைக் கவனித்துக் கேட்டால் ஒன்று புரியும். மெட்டு சரியில்லை, வரிகள் சரியில்லை என்று யாரும் அதிகம் குறைப்பட்டுக்கொள்வதில்லை. "சவுண்டு மாறிடுச்சு" என்பதுதான் பெரும்பாலும் குற்றச்சாட்டு. கிட்டாரின் டோன், டிரம்ஸின் அறை, குரலின் கரகரப்பு இவற்றைப் பற்றித்தான் அவ்வளவு கோபமும். வெளியாருக்கு இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் மெட்டலில் சவுண்டை மாற்றினால் எந்த ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்க முடியும் என்பதே மாறிவிடும். அதைப் புரிந்துகொள்ள ஆம்ப்ளிஃபயருக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

மின்கிட்டாரின் கம்பி அதிரும்போது உண்டாகும் சின்ன மின்னலையை ஆம்ப் பெரிதாக்குகிறது. அதன் சக்திக்கு உட்பட்டவரை அலை வடிவம் மாறாமல் வளரும். அந்த எல்லையைத் தாண்டித் தள்ளினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். தட்டையான அலையில் மூல அதிர்வெண் மட்டும் இருக்காது. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று மேல்ஸ்தாயி அதிர்வெண்கள் புதிதாக முளைக்கும். இதுதான் டிஸ்டார்ஷன். கூடவே இன்னொரு வேலையும் நடக்கிறது. உச்சி எப்படியும் வெட்டப்படுவதால், கம்பியின் அதிர்வு குறைந்துகொண்டே வந்தாலும் வெளிவரும் ஒலி உடனே குறைவதில்லை. கிட்டார் வயலின் மாதிரி நீண்டு ஒலிக்கும்.

இதுவரை ஒரே ஒரு ஸ்வரம்தான். இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்துத் தள்ளும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது. வெட்டுப்பட்ட அலையில் அந்த இரண்டின் கூட்டலும் கழித்தலும்கூடப் புதிய அதிர்வெண்களாக வந்துவிடும். கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதற்கு ஐந்தாவது ஸ்வரம், அதாவது நம் கணக்கில் சட்ஜத்துக்குப் பஞ்சமம், 123.5 ஹெர்ட்ஸ். கழித்தால் 41.1. கூட்டினால் ஏறக்குறைய 206. கிட்டத்தட்ட 41 என்ற ஒரே எண்ணின் ஒரு மடங்கு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்காக எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஆகவே மூளை இவற்றைத் தனித்தனி ஒலிகளாக எடுத்துக்கொள்வதில்லை, ஒரே பிரம்மாண்டமான ஸ்வரமாகக் கேட்கிறது. அந்த 41 ஹெர்ட்ஸ் சாதாரண கிட்டாரில் எந்தக் கம்பியிலும் இல்லை. பேஸ் கிட்டாரின் அடிக்கம்பியில்தான் இருக்கிறது. இரண்டு விரலை வைத்து வாசிக்கும் பவர் கார்ட் நெஞ்சில் இடிப்பது இப்படித்தான்.

அதே இடத்தில் பஞ்சமத்துக்குப் பதிலாகக் காந்தாரத்தை வைத்துப் பாருங்கள். அது 103.8 ஹெர்ட்ஸ். கீழ்க்கம்பியின் ஐந்து மடங்கு 412, இதன் நாலு மடங்கு 415 சொச்சம். இரண்டும் ஒன்றாக விழ வேண்டிய இடத்தில் மூன்று ஹெர்ட்ஸ் இடைவெளி. விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் ஒலி ஏறி இறங்கி நடுங்கும். பஞ்சமத்திலும் இந்தப் பிசகு உண்டுதான். ஆனால் மூன்றரை விநாடிக்கு ஒருமுறை வரும் நடுக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. சாதாரண கிட்டாரில் இனிமையாக இருக்கும் காந்தாரம், முழு டிஸ்டார்ஷனில் சேறாகக் கலங்குவது இதனால்தான்.

ஆக, டிஸ்டார்ஷனை ஏற்றினால் ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியில், பஞ்சமமும் ஒற்றை ஸ்வரங்களும்தான் எடுபடும். குறைத்தால் பல ஸ்வரங்கள் சேர்ந்த முழு கார்ட்கள் உள்ளே வரலாம், பாட்டு மெலடி பக்கம் சாயலாம். ஒரு இசைக்குழு ஆம்பின் திருகைக் கொஞ்சம் குறைத்ததுமே "ரேடியோவுக்குப் பாட ஆரம்பிச்சிட்டாங்க" என்று பழைய ரசிகர் சொல்வது வெறும் வயிற்றெரிச்சல் இல்லை. இசையின் இலக்கணமே கொஞ்சம் மாறியதை அவர் காது பிடித்துவிட்டது.

சுருதியும் அப்படித்தான். பிளாக் சபாத் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி 17 வயதில் பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தபோது வலது கையின் இரண்டு விரல்நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தார். இடதுகைக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்களுக்குக் கம்பிகளை மூன்று அரைஸ்வரம் தளர்த்தினார். அதே கம்பியில் சுருதியை இவ்வளவு இறக்கினால் இழுவிசை சுமார் 30 சதவீதம் குறையும். அழுத்த எளிது. அதே சமயம் தளர்ந்த கம்பி அடித்த கணத்தில் சுருதி சற்று எகிறி, பிறகு இறங்கி நிலைக்கும். அந்தத் தொய்வும் கனமும் பிற்பாடு ஒரு தனிக் கிளையையே உண்டாக்கின. இன்று 'ஒரிஜினல் மெட்டல் சவுண்டு' என்று எல்லாரும் சத்தியம் செய்யும் ஒலியும் ஒரு காலத்தில் நடுவழியில் வந்த மாற்றம்தான்.

சரி, ஒலி மாறுகிறது. அதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

மெட்டல் கேட்கும் காது பழக்கப்பட்ட காது. மெட்டலின் ஒரு கிளையான டெத் மெட்டலின் உறுமலில் உள்ள வார்த்தைகள் வெளியாருக்குச் சுத்தமாகப் பிடிபடாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ரசிகர்கள் அந்த வார்த்தைகளை மற்றவர்களைவிட நன்றாகவே அடையாளம் கண்டார்கள். கேட்டுக் கேட்டு மூளை அந்த ஒலிக்கென்று ஒரு அகராதியே தயாரித்து வைத்திருக்கிறது.

அந்த அகராதியை வைத்து மூளை சும்மா இருப்பதில்லை, அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. மான்ட்ரியாலில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, இசை கேட்டுப் புல்லரித்துப்போகும் ஆட்களைத் தேடிப்பிடித்து, அவரவருக்குப் பிடித்த இசையைக் கொடுத்து மூளையைப் படம் பிடித்தது. 2011-இல் முடிவு வெளியானது. புல்லரிக்கும் கணத்தில் மூளையின் ஒரு பகுதியில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்தது, அது எதிர்பார்த்ததே. அதற்குச் சில விநாடிகள் முன்பே இன்னொரு பகுதியில் சுரக்கத் தொடங்கிவிட்டது என்பதுதான் சுவாரசியம். இசையின் இன்பத்தில் பாதி, வரப்போகிறது என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது. பாட்டு ஒரு கணம் நின்று, அடுத்த அடியில் மொத்த இசைக்குழுவும் பாதி வேகத்தில் விழும் 'பிரேக்டவுன்' இடத்தில் கூட்டம் முன்கூட்டியே துள்ளத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

புது ஆல்பத்தில் அந்த ஊகங்கள் வரிசையாகப் பொய்க்கின்றன. கொஞ்சம் பொய்த்தால் நல்லது, ஆர்வம் கூடும். ஒன்றுமே பொய்க்காவிட்டால் பழகப் பழகப் பாலும் புளிக்கும்: "ஒரே ஆல்பத்தைப் பத்து தடவை போடறாங்க" என்ற புகார் அந்த ரகம். நிறையப் பொய்த்தால் எரிச்சல். எங்கே கோடு போடுவது என்பது கேட்பவரைப் பொறுத்தது. பத்து வருடம் கேட்டவரின் ஊகங்கள் கூர்மையானவை, அதனால் சின்ன விலகலும் அவருக்குப் பெரிதாகத் தெரியும். நேற்று வந்தவருக்கு விலகல் என்று ஒன்றே இல்லை. இரண்டு பேரும் ஒரே பாட்டைக் கேட்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

வயதுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், வெவ்வேறு வயதினருக்கு வெவ்வேறு காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தங்களுக்கு ஏறத்தாழ 24 வயதானபோது பிரபலமாக இருந்த பாடல்களையே ஆட்கள் அதிகம் விரும்பினார்கள். ஆனால் இதை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடுவது சோம்பேறித்தனம். 1986-இன் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வந்தபோது பிறந்தேயிராதவர்களும் அதைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். (என் ஓட்டும் அதற்கே.) எதை முதலில் ஆயிரம் தடவை கேட்டோம் என்பது வயதைவிட முக்கியமாகத் தெரிகிறது.

1988-இன் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' இதற்கு அழகான உதாரணம். அதில் பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. ஜேசன் நியூஸ்டெட் மெட்டாலிகாவுக்கு வாசித்த முதல் முழு ஆல்பம், பாவம், எல்லா ஒலிகளையும் அளவுபார்த்துக் கலக்கும் மிக்ஸிங்கில் அவரை அமுக்கிவிட்டார்கள். தொழில்முறையில் பார்த்தால் அது குறைதான். ஆனால் அந்த வறண்ட, எலும்பும் தோலுமான ஒலியையே ஆயிரக்கணக்கான காதுகள் அளவுகோலாக எடுத்துக்கொண்டன. 1991 ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராகப் பாப் ராக் வந்தார். பேஸ் திரும்பி வந்தது, டிரம்ஸ் விரிந்தது, வேகம் குறைந்தது, பாடல்கள் சுருங்கின. அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பழைய அளவுகோலை வைத்திருந்தவர்களுக்கு அது இன்றும் 'துரோகம்'.

மெட்டாலிகாவின் 2003 ஆல்பமான 'செயின்ட் ஆங்கர்' வேறு மாதிரி. ஸ்னேர் டிரம்மின் அடித்தோலில் ஒட்டி நிற்கும் கம்பிச்சுருள்களை டிரம்மர் லார்ஸ் உல்ரிக் தளர்த்தியே வைத்து வாசித்தார். கம்பிகள் தோலைத் தொட்டால் 'சடக்' என்ற இரைச்சல் மேலெழுந்து தோலின் ரீங்காரத்தை மறைக்கும். தொடாவிட்டால் ரீங்காரம் அப்படியே வெளியே வரும். கிட்டார் கம்பியின் அதிர்வெண்கள் 1, 2, 3 என்று முழு மடங்காக ஏறும், வட்டத்தோலுடையவை 1, 1.59, 2.14 என்று ஏறும். எந்தச் சுருதியோடும் ஒட்டாமல் தகர டப்பா போல் ஒலிப்பது அதனால். அதைப் புரட்சி என்பவர்களும் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

மெட்டாலிகாவின் 2008 ஆல்பமான 'டெத் மேக்னடிக்' கதை எனக்கு மிகப் பிடிக்கும், ஏனென்றால் இங்கே கோபத்தை அளந்தே காட்டலாம். டிஜிட்டல் பதிவில் அலையின் உயரத்துக்கு ஒரு கூரை உண்டு. சிடி உரக்கக் கேட்க வேண்டும் என்பதற்காக மொத்த ஒலியையும் அழுத்தி அந்தக் கூரையில் மோதவிட்டார்கள். உச்சிகள் வெட்டுப்பட்டன. கிட்டார் ஆம்பில் நடந்த அதே வேலைதான். ஆனால் அங்கே உள்ளே போனது பஞ்சம உறவில் இருக்கும் இரண்டு ஸ்வரங்கள். இங்கே போனது குரல், சிம்பல், டிரம்ஸ், கிட்டார் எல்லாம் கலந்த கூட்டம். அவற்றின் கூட்டலும் கழித்தலும் எந்த மடங்கிலும் சேராத இரைச்சலாகத்தான் வெளிவரும். 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமுக்குக் கொடுக்கப்பட்ட அதே பாடல்கள் இப்படி நசுங்காமல் இருந்தன. ரசிகர்கள் இரண்டு அலைவடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்; மறுபடி மிக்ஸ் செய்யக் கோரி பத்தாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். கடைசிக் கட்ட ஒலிச்சீரமைப்பான மாஸ்டரிங்கைச் செய்த டெட் ஜென்சனும், தன் கைக்கு வரும்போதே அது அப்படித்தான் இருந்தது என்று சொன்னார்.

குரல் விஷயத்துக்கு வருவோம். உறுமலில் குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலி நாண்களையும் சேர்த்து அதிரவைப்பார்கள். ஒலி வேகவேகமாக ஏறியிறங்கிக் கரகரக்கும். இதே கரகரப்பு அலறலிலும் உண்டு. மூளையின் அபாய மணியான அமிக்டலாவை அது தட்டும் என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. வெளியார் டெத் மெட்டல் கேட்டால் பதற்றமும் அச்சமும் சொல்கிறார்கள், ரசிகர்களோ அதே ஒலியில் பலமும் மகிழ்ச்சியும் சொல்கிறார்கள். ஓபெத் 2011-இல் உறுமலை முழுவதும் கைவிட்டபோது ரசிகர்களுக்குப் போனது வெறும் பாடும் பாணி அல்ல, அவர்கள் மெனக்கெட்டுப் பழகிக்கொண்ட ஒரு உணர்ச்சியே கையைவிட்டுப் போனது. 2024 ஆல்பத்தில் உறுமல் திரும்பியது. இடைப்பட்ட ஆல்பங்கள் வழியாக உள்ளே வந்தவர்களுக்கு இப்போது அதுதான் 'மாறிப்போன சவுண்டு'.

ஆல்பங்களை ஒப்பிட்டுத்தான் தீர வேண்டும் என்றால் ஒரு யோசனை. இரண்டையும் முதலில் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் குறைந்தால் நம் காதுக்குக் கீழ்ஸ்தாயி வேகமாக மங்கும்; ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்ன விஷயம் இது. பழைய சிடிக்கள் பொதுவாகக் குறைந்த சத்தத்தில் பதிவானவை. வால்யூமைத் தொடாமல் புதியதோடு மாற்றி மாற்றிக் கேட்டால் பழையது சப்பென்று தெரியும், புதியது பலசாலியாகத் தெரியும். பழையதை ஏற்றிச் சமமாக்கினால், அடியும் இடைவெளியும் எதில் மிச்சமிருக்கிறது என்பது நாலு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் தாராளமாகச் சண்டையைத் தொடரலாம்.