குதிரைக்குத் திமிர் என்று சொல்வதற்கு முன்னால்

'குதிரை குணமறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை' என்ற பழமொழியை லாயத்துக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். உதைக்கிறது, கடிக்கிறது, கடிவாளம் போட வந்தால் தலையைத் தூக்கிக்கொள்கிறது, ஏறி உட்கார்ந்தால் முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது, இதற்குத் திமிர் டாக்டர், நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும் என்பார்கள். கால்நடை மருத்துவராக நான் பார்த்தவரை, இப்படிக் கெட்ட பெயரோடு வருகிற குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு எங்கேயோ வலிக்கிறது, இல்லாவிட்டால் எதற்கோ பயப்படுகிறது. அடித்தால் இரண்டுமே கூடத்தான் செய்யும்.

முதலில் வாயைப் பாருங்கள். குதிரையின் கடைவாய்ப் பற்கள் முதுமை வரைக்கும் ஈறிலிருந்து மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும், ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர். நாள் முழுக்கப் புல்லை அரைப்பதால் ஏறக்குறைய அதே அளவு தேயவும் செய்யும். ஆனால் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம், அதனால் மேல்பற்களின் வெளிவிளிம்பும் கீழ்ப்பற்களின் உள்விளிம்பும் சரியாகத் தேயாமல் கூராகிவிடும். நாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்தால் கன்னத்தின் உட்புறத்தில் வரிசையாகக் கீறல்கள் இருக்கும், சில இடத்தில் புண்ணாகி வெளுத்துப் போயிருக்கும். அந்தக் கன்னத்தின் மேல்தான் கடிவாளத்தின் வார் வந்து அழுத்துகிறது. தலையை உதறாமல் அது வேறு என்ன செய்யும்? அரத்தால் அந்த விளிம்புகளை ராவிவிட்டு, புண் ஆறும்வரை கடிவாளம் போடாமல் விட்டால், 'அடங்காத' குதிரை அடுத்த முறை தானாகவே தலையைத் தாழ்த்திக் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் லாயத்திலேயே இதற்கு அறிகுறி கிடைக்கும்: தீவனத் தொட்டியைச் சுற்றிப் பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடக்கிறதா, சாணியில் முழுத் தானியம் வருகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பல்லைக் காட்டிவிடுங்கள்.

அப்புறம் முதுகு. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், மற்ற இடமெல்லாம் பழுப்பாக இருக்க அங்கே மட்டும் திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பெரும்பாலும் பொருந்தாத சேணம் அழுத்திய பழைய காயம். அழகு என்று அதைக் காட்டி விலை சொல்கிறவர்களும் உண்டு. சுமையும் ஒரு காரணம்தான்: ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோ, அவ்வளவுதான். கடற்கரையில் சவாரிக்கு ஏறுகிற பெரியவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். உருவம் பெரிதாகிவிட்டது என்பதற்காக இரண்டு வயதுக் குட்டியின் மேல் ஏறுகிறார்கள், முதுகெலும்பு முழுதாக முதிர ஐந்து வயதுக்கு மேலும் ஆகும்.

பயத்துக்கு வருவோம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரமும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாது. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து தொட்டு, உதை வாங்கி, அதைத் திமிர் என்றால் எப்படி? தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

சவுக்கு விஷயத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். சாலையில் பேருந்தைக் கண்டு குதிரை மிரள்கிறது, மேலே இருப்பவர் ஓங்கி ஒன்று வைக்கிறார். மிரண்டதற்குத் தண்டனை என்று அவர் நினைக்கிறார், குதிரைக்கோ பேருந்து வந்தால் வலி வரும் என்றுதான் பதிகிறது, அடுத்த பேருந்துக்கு இன்னும் தூரத்திலேயே மிரளும். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தால் இல்லை, அழுத்தம் விலகுகிற நொடியால். வாரை லேசாக இழுக்கிறீர்கள், ஒரு அடி நிதானிக்கிறது, அந்த நொடியே வாரைத் தளர்த்தினால் 'ஓ, இதைத்தான் கேட்டார்' என்று புரிந்துகொள்ளும். நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் நிற்பதில் அதற்கு ஒரு லாபமும் இல்லை, அப்புறம் வாயை மரத்துப்போக வைத்துவிட்டு 'வாய் கெட்டி' என்று சொல்லி இன்னும் கடுமையான முள் கடிவாளம் வாங்குகிறார்கள். கை மாற வேண்டிய இடத்தில் இரும்பை மாற்றி என்ன பயன்?

நம் மனதில் இருப்பது குதிரைக்குத் தெரியும் என்பார்கள். மனது தெரியாது, உடம்பு தெரியும். பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1904-இல் ஒரு குழு கூடி ஆராய்ந்தும் ஏமாற்று எதுவும் அகப்படவில்லை. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்து 1907-இல் உண்மையை வெளியிட்டார்: கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியாது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையிலும் தோளிலும், அவருக்கே தெரியாமல் ஏற்படும் நுட்பமான அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியது. அவ்வளவு நுணுக்கமாக நம்மைப் படிக்கிற பிராணி அது. பேருந்தைக் கண்டதும் உங்கள் தொடை இறுகி மூச்சு நின்றால், பேருந்துக்கு முன்னால் உங்களைப் பார்த்தே அது பயந்துவிடும்.

கல்யாண ஊர்வலத்தில் மேளத்துக்குக் குதிரை 'ஆடுகிறதே', அது சந்தோஷத்தில்தானே என்று கேட்கிறார்கள். மூக்குத்துவாரம் விரிந்து, கண்ணில் வெள்ளை தெரிய, கழுத்தெல்லாம் வியர்த்து, இரண்டு பக்கமும் கயிறு இறுக்கிப் பிடித்த நிலையில் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிற குதிரையிடம் சந்தோஷம் எங்கே இருக்கிறது? பட்டாசும் கூடவே வெடித்தால் அதற்கு ஓட ஒரு வழியும் இல்லை.

அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கப் போகிறவர்கள் மணிக்கணக்காகச் சுழி பார்ப்பார்கள். இந்தச் சுழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நல்ல குதிரையை ஒதுக்கிவிட்டு, சுழி சுத்தமான நொண்டியை வீட்டுக்கு ஓட்டி வருவார்கள். அது முடி முளைத்திருக்கும் திசை, தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுவது, உங்கள் குடும்பத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் கெட்டியான தரையில் குதிரையைப் பெருநடையாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். தலை ஒரே சீராகப் போகிறதா என்று பார்த்தாலே போதும், பாதி ஏமாற்று தப்பும்.

தீவனத்தில் கொள்ளும் கோதுமைத் தவிடும் கொடுத்தால் பலம் என்று வாளி வாளியாக வைக்கிறார்கள். குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு ரொம்பச் சிறியது, அமிலமோ நாள் முழுக்கச் சுரக்கும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் புல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 300 கிலோ குதிரைக்கு நாளைக்கு 5, 6 கிலோ காய்ந்த புல் அடிப்படை, தானியமெல்லாம் அதற்கு மேல்தான். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதையே பிரதானமாகக் கொடுத்தால் எலும்பு வலுவிழந்து முகம் வீங்குகிற அளவுக்குப் போகும்.

புல் குறைந்து தானியம் கூடிய இடத்தில்தான் வயிற்றுவலியும் அதிகம் பார்க்கிறேன். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையைக் காலால் பறிக்கும், படுத்துப் புரளும். வேலைக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறது என்று அதையும் அடித்து எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது மேலே வராது, இரைப்பை கிழியும்வரைகூடப் போகலாம். பாட்டிலில் எண்ணெயோ சோடாவோ வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் வயிற்றுவலியில் பிழைக்க வேண்டியது நிமோனியாவில் போய்விடும். தீவனத்தை எடுத்துவிடுங்கள், முரட்டுத்தனமாகப் புரண்டால் மட்டும் மெதுவாக நடக்க வையுங்கள், இரவெல்லாம் நடத்திக் களைக்க வைக்க வேண்டாம். உடனே மருத்துவரைக் கூப்பிட்டு, கடைசியாக எப்போது சாணி போட்டது, எப்போது தண்ணீர் குடித்தது, நேற்று தீவனத்தில் என்ன மாற்றினீர்கள் என்ற மூன்றையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.