டென்மார்க்கில் ‘பார்க்கலாம் சார்’ எடுபடாது

டேனிஷ் நிறுவனங்களோடு வேலை செய்யப் போகும் மென்பொருள் குழுக்களுக்குப் பயணத்துக்கு முன் பயிற்சி கொடுப்பது என் தொழில். கோட் சூட் போட வேண்டுமா, என்ன பரிசு கொண்டு போகலாம், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கோட் அவசியமில்லை, பல அலுவலகங்களில் சுத்தமான சட்டையும் ஜீன்ஸும் போதும். விலை உயர்ந்த பரிசு வேண்டவே வேண்டாம். உலக நாடுகளின் ஊழலைக் கண்காணிக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் ஊழல் பட்டியலில் பல ஆண்டுகளாக மிகத் தூய்மையான நாடு என்று பெயரெடுத்த தேசம் அது. பரிசைப் பார்த்ததும் வாங்குபவர் நெளிவார். ஒரு டப்பா இனிப்பைக் காபி மிஷின் பக்கத்தில் எல்லோருக்குமாக வைத்தால் போதும், மகிழ்ந்து போவார்கள். சைவமும் கிடைக்கும்.

உறவு கெடுவது இவற்றால் அல்ல. மீட்டிங்கில் நாம் காட்டும் பணிவால்தான்.

நான் உடனிருந்து பார்த்த ஒரு கூட்டம். டேனிஷ் மேனேஜர், “இந்தப் பகுதி வாரம் 41-க்குள் முடியுமா?” என்று மேசையைச் சுற்றிப் பார்த்துக் கேட்டார். வாரம் 41 என்றால் ஆண்டின் 41-ஆவது வாரம். முடியாது என்று அந்த வேலையைச் செய்யும் பையனுக்குத் தெரியும். அவன் தன் டீம் லீடரைப் பார்த்தான். லீடர், “எங்களால் ஆனதைச் செய்கிறோம் சார்” என்றார். நம் ஊரில் இதைக் கேட்டால், வேலை இழுக்கும் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். அந்த மேனேஜரோ ‘41’ என்று எழுதி வட்டம் போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வாரம் 41 வந்தது, வேலை முடியவில்லை. அவர் கத்தவில்லை. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். தாமதத்தை அவர் பொறுத்துக்கொண்டார். தெரிந்தே சொல்லாமல் விட்டதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. அதற்கப்புறம் அந்தக் குழு சொன்ன ஒவ்வொரு தேதியையும் இரண்டு முறை சரிபார்த்தார். அங்கே ஒருவரை நம்பித்தான் தொடங்குகிறார்கள், அதனால்தான் மேற்பார்வை குறைவு. அந்த நம்பிக்கை ஒருமுறை போனால் மீட்பது பெரும்பாடு.

அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: முடியாதென்றால் அங்கேயே சொல்லுங்கள். கூடவே “வாரம் 43-இல் முடியும், இதுதான் காரணம்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். லீடர் இருக்கும்போது நான் பேசலாமா என்று தயங்க வேண்டாம். நிர்வாக இயக்குநரையே பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர் அது. வேலையைச் செய்பவர் வாயைத் திறக்கவில்லையென்றால், அவருக்குக் கருத்தே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அதேபோல, “இந்த வடிவமைப்பு சரியாக இல்லை” என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். சொன்ன கையோடு காபி குடிக்கவும் கூப்பிடுவார்கள். அவர்கள் குறை சொன்னது வேலையை, உங்களை அல்ல.

தேதியை வார எண்ணால் சொல்வது அங்கே சாதாரணம். கைபேசி நாட்காட்டியில் அதைக் காட்டும் வசதி உண்டு, புறப்படும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிகளின் இலையுதிர்கால விடுமுறை வாரம் 42. ஜூலையில் 28 முதல் 30 வரையிலான வாரங்களில் பாதி நாடே விடுப்பில் இருக்கும், அப்போது முக்கியமான பயணம் வைப்பது வீண்.

வாரத்துக்கு 37 மணி நேர வேலை என்பது தொழிற்சங்க ஒப்பந்தங்கள் வழியாக நிலைத்துவிட்ட வழக்கம். நாலு மணிவாக்கில் அப்பாவோ அம்மாவோ குழந்தையைக் கூட்டிவரக் கிளம்பிவிடுவார்கள். மூன்றரைக்கு மீட்டிங் வைத்து, நாலே காலுக்கு “இன்னும் ஒரு விஷயம்” என்று ஆரம்பிக்காதீர்கள். இரவு வரை உட்கார்ந்து வேலை செய்வதைக் கடும் உழைப்பு என்று பாராட்ட மாட்டார்கள். வேலையைத் திட்டமிடத் தெரியவில்லையோ என்றுதான் யோசிப்பார்கள்.

மதிய உணவு பதினொன்றரை, பன்னிரண்டுக்கே. கேன்டீனில் மேலதிகாரியும் தட்டோடு வரிசையில் நிற்பார், சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து வைப்பார். நீங்களும் எடுத்து வையுங்கள். அந்த மேசையில் பட்டம், பதவி, கல்லூரி ரேங்க் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. தன்னை உயர்த்திப் பேசுபவரை அங்கே யாருக்கும் பிடிக்காது. பிறந்தநாள் வந்தால் கேக் கொண்டுவர வேண்டியது பிறந்தநாள்காரர்தான்.

தெருவில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கோபன்ஹேகனில் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே சைக்கிள் பாதை ஓடும். படம் எடுக்கவோ பெட்டியை இழுத்துக்கொண்டோ அதில் இறங்கிவிடாதீர்கள். காலையில் வேலைக்குப் போகும் கூட்டம் வேகமாக வரும், அடிபட்டுவிடும்.

வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டால் அது பெரிய விஷயம், தட்டாதீர்கள். ஆறு மணி என்றால் ஆறு மணிதான். முன்னதாகப் போனாலும் சங்கடம், ஆறரைக்குப் போனால் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். பூவோ சாக்லேட்டோ போதும். செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோப்பையை உயர்த்தி ‘ஸ்கோல்’ சொல்லும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். கோப்பையில் தண்ணீர் இருந்தாலும் பரவாயில்லை. சாப்பிட்டு எழும்போது சமைத்தவருக்கு ‘தக் ஃபோர் மெல்’ என்று நன்றி சொல்வார்கள், நீங்களும் சொல்லுங்கள். சாப்பிட்டதும் கிளம்பிவிட வேண்டாம். அப்புறம் காபி வரும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் பேச்சு நீளும். அலுவலகத்தில் வாய் திறக்காதவர்கூட அங்கே மனம் விட்டுப் பேசுவார்.