பஸ்ஸை நீங்களா ஓட்டினீங்க?

ஒரு அம்மா துணிப்பையோடு அலுவலகத்துக்கு வந்தார். பைக்குள் எக்ஸ்ரே, மருந்துக்கடை பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஜாயின்ட் மெமோ, அதாவது இரு தரப்பும் கையெழுத்துப் போடும் சமரச மனு. வழக்கு வேறொரு வக்கீலிடம் இருந்தது. வரும் சனிக்கிழமை லோக் அதாலத்தில், அதாவது வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், கையெழுத்துப் போடவேண்டும், அதற்குள் ஒரு தடவை படித்துப் பார்த்துச் சொல்லுங்க சார் என்றார்.

விடியற்காலையில் தனியார் பஸ்ஸில் போயிருக்கிறார். நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கு எதுவும் போடாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் பஸ் மோதிவிட்டது. வலது தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். தொழில் தையல். பஸ்ஸின் காப்பீட்டு நிறுவனம் மொத்த இழப்பீடு எட்டு லட்சம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பாதித் தவறு லாரிமேல், அதனால் எங்கள் பங்கு நான்கு லட்சம்தான், மீதியை லாரிக்காரரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. அந்த லாரிக்கோ இன்சூரன்ஸ் காலாவதி ஆகியிருந்தது.

நான் ஒன்றுதான் கேட்டேன். “ஏம்மா, பஸ்ஸை நீங்களா ஓட்டினீங்க?”

சிரித்துவிட்டார். ஆனால் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பல லட்சங்கள் இந்தக் கேள்வியில்தான் நிற்கின்றன. அடிபட்டவர் பக்கமும் தவறு இருந்தால் அது காண்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ். பைக் ஓட்டியவர்மேல் 30 சதவீதம் தவறு என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் பத்து லட்சம் ஏழு லட்சமாகும். அடிபட்டவர்மேல் தவறே இல்லாமல், மற்ற இரண்டு மூன்று பேருடைய கவனக்குறைவு சேர்ந்து விபத்து நடந்திருந்தால் அது காம்போசிட் நெக்லிஜென்ஸ். இதில் முழுத் தொகையையும் அவர்களில் எவர் ஒருவரிடமிருந்தும் வசூலிக்கலாம். 2015-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆளுக்கு எத்தனை சதவீதம் என்பது தவறு செய்தவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பேரம் பேசும் மேஜையில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவார்கள். “ஷேர்” என்ற சொல் விழுந்தாலே மனுதாரர் தன் தொகையில்தான் கழியப்போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்.

இதைவிடச் சங்கடமானது கணவன் மனைவி வழக்கு. கணவர் பைக் ஓட்ட, மனைவி பின்னால் உட்கார்ந்திருக்க, எதிரே வந்த கார் மோதுகிறது. தவறு இரண்டு பக்கமும். கணவருடைய இழப்பீட்டில் அவர் பங்கு கழியும். மனைவியுடையதில் கழியக்கூடாது, அவர் வண்டி ஓட்டவில்லையே. எதற்கும் கணவரையும் அவர் பைக்கின் காப்பீட்டையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால், “எங்க வீட்டுக்காரர் மேலயே கேஸா?” என்று எழுந்துவிடுவார்கள். சேர்த்தே ஆகவேண்டும் என்பதில்லை, கார் தரப்பிடமே முழுவதையும் கேட்கலாம். அதோடு, பைக்குக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் பின்னால் உட்கார்ந்தவருக்கு அதில் பணம் வராது. இது தெரியாமலே நம் ஊரில் பாதிப் பேர் வண்டி ஓட்டுகிறார்கள்.

ஒரே பைக்கில் மூன்று பேராகப் போனார்கள், அதனால் பத்து சதவீதம் கழிக்கவேண்டும் என்ற வாதமும் அடிக்கடி வரும். மூன்று பேர் ஏறியது போக்குவரத்து விதிப்படி தவறுதான், ஆனால் விபத்துக்கோ காயத்துக்கோ அது காரணமாக இருந்தால் தவிர இழப்பீட்டில் கைவைக்கக்கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, தவறு யார்மேல் என்பது எந்தக் காகிதத்தில் முடிவாகிறது? எல்லோரும் எஃப்.ஐ.ஆரைச் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது ஏ.ஆர். காப்பி, அதாவது மருத்துவமனை ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகல். வலியில் துடிக்கிறவரைக் கூட்டிவந்த பக்கத்து வீட்டுப் பையன், “பைக்ல இருந்து விழுந்துட்டார்” என்று டியூட்டி டாக்டரிடம் சொல்லியிருப்பான். அவரும் அப்படியே எழுதியிருப்பார். இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில், தானாக விழுந்தவர் கார்மேல் பழி போடுகிறார் என்று எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியை வாசிக்கும். கூட வந்தவர் அடுத்த நாளே அந்தப் பதிவைப் பார்த்துவிடுவது நல்லது. எஃப்.ஐ.ஆரில் ஒரு டிரைவர் பெயர் மட்டும் இருந்தால் அதோடு கதை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். தீர்ப்பாயம் விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்த ரஃப் ஸ்கெட்ச், அந்த இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, நேரில் பார்த்தவர் சாட்சி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கும். நின்றிருந்த லாரியின் நம்பரையும் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து இழப்பீட்டு மனு போட ஆறு மாதக் கெடு வந்திருப்பதால், ஆற அமரத் தேட நேரமில்லை.

சமரசம் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. வருடக்கணக்கில் வாய்தா வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைத்து இன்றைக்கே வாங்குவது பல குடும்பங்களுக்கு உத்தமம். காலத்துக்காகக் குறைக்கலாம், அடுத்தவன் தவறுக்காக ஏன் குறைக்கவேண்டும்? லோக் அதாலத் அவார்டுக்கு மேல்முறையீடு கிடையாது. ஒரு தரப்போடு மட்டும் முடிப்பதானால், “இந்த எதிர்மனுதாரரின் பங்குக்கு மட்டும், மற்றவர்கள்மீதான கோரிக்கை தொடரும்” என்ற வரி மெமோவில் இருக்கவேண்டும். அந்த அம்மாவின் மெமோவில் இருந்தது, “விபத்து தொடர்பான அனைத்துக் கோரிக்கைகளுக்கும் முழுமையாகவும் இறுதியாகவும்.”

அவர் அந்தச் சனிக்கிழமை கையெழுத்துப் போடவில்லை. வழக்கு விசாரணைக்குப் போனது. பஸ், லாரி இரண்டின் மேலும் பாதிப் பாதித் தவறு என்றுதான் தீர்ப்பாயமும் சொன்னது, ஆனால் முழுத் தொகையையும் பஸ்ஸின் காப்பீட்டு நிறுவனமே கட்டியது. தையல் மிஷினை மிதிக்க முடியாத காலுக்கு, தொழிலை வைத்து ஊனத்தைக் கணக்கிட்டதில் தொகையும் எட்டு லட்சத்தைத் தாண்டியது. லாரி உரிமையாளரிடமிருந்து பாதியை வசூலிக்க அந்த நிறுவனம் போட்ட மனு இன்னும் நடக்கிறது. அந்த வாய்தாக்களுக்கு இந்த அம்மா வரவேண்டியதில்லை.