ரக்னரோக்: தெய்வங்களின் ஊழா, அந்தியா?

பழைய ஜெர்மானிய மக்களின் தொன்மங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர், உலக முடிவைக் குறிக்கும் 'ரக்னரோக்' என்னும் சொல்லைத் 'தேவர்களின் அந்திப்பொழுது' என்று பெயர்த்துவருகின்றனர். செவிக்கு இனிய அத்தொடர் பொருளால் பிழையானது. ஒவ்வொரு புதிய கட்டுரையிலும் அதையே காண நேர்வதால் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

சொல் ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியாகிய நார்ஸுக்கு உரியது. 'ரெகின்' என்றால் ஆளும் ஆற்றல்கள், அதாவது தெய்வங்கள். அதன் ஆறாம் வேற்றுமைப் பன்மையே 'ரக்ன'. 'ரோக்' என்பது நிகழ்வுகளின் போக்கு, முடிவு, விதி.

அந்தி நுழைந்தது வேறு வழியாக. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் வாழ்ந்த ஸ்நோரி ஸ்டுர்லுசன், இத்தொன்மங்களை விவரிக்கும் தம் எட்டா நூலில் 'ரக்னரோக்கர்' என்னும் வடிவத்தை ஆண்டார். 'ரோக்கர்' என்றால் மங்கிய இருள். பழம்பாடல்களுள் 'லோகசென்னா'வில் இவ்வடிவம் உண்டெனினும், உலக முடிவை விரித்துப் பாடும் 'வொலுஸ்பா'வில் 'ரோக்' என்றே உள்ளது. ஜெர்மன் மொழியில் இருளே நிலைத்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகம் 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் 'தெய்வங்களின் அந்தி' என்று பொருள்படும் பெயரோடு அரங்கேறியபின் அது உலகெங்கும் பரவியது. ஆங்கில வழியாக அதைப் பெற்ற நம் மொழிபெயர்ப்பாளர்கள், மூலச்சொல் எதுவென்று ஒருமுறை தேடியிருந்தால் இந்த அந்தி தமிழுக்கு வந்திராது.

வடிவத்தை விட்டுப் பொருளைப் பார்த்தாலும் அது பொருந்தவில்லை. தமிழில் அந்தி என்பது விளக்கேற்றும் வேளை. நாள்தோறும் வந்து, விடிந்தால் மறைவது. ரக்னரோக்கிலோ இடையே கோடை வராத மூன்று குளிர்காலங்கள் தொடர்கின்றன. ஃபென்ரிர் என்னும் ஓநாய் தெய்வங்களின் தலைவரான ஓடினை விழுங்குகிறது. பெரும்பாம்பைக் கொன்ற இடித்தெய்வமான தோர் ஒன்பது அடி நடந்து அதன் நஞ்சால் வீழ்கிறார். சுர்ட் என்னும் அரக்கன் மூட்டும் தீயில் உலகம் எரிகிறது. இப்பேரழிவைச் சொல்ல அந்தி என்னும் மென்மையான சொல்லால் இயலாது.

சிலர் இன்னும் ஒருபடி சென்று 'அமரர்களின் வீழ்ச்சி' என்கின்றனர். அமரர் என்றால் இறவாதவர். இந்தத் தொன்மத்தின் தனித்தன்மையே அதன் தெய்வங்கள் இறக்கக் கூடியவை என்பதுதான். முதுமை அணுகாமலிருக்கவே அவை இதுன் என்னும் பெண் தெய்வம் காக்கும் ஆப்பிள்களை உண்கின்றன. 'பிரளயம்' என்பதும் போதாது. பூமி கடலில் மூழ்குவது உண்மையே. ஆனால் வெள்ளத்தை முன்னிறுத்தும் அச்சொல், விதி என்னும் கருவை விட்டுவிடுகிறது.

ரோக்கின் பொருளை அப்படியே ஏற்கும் சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு: ஊழ். 'ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று சூழினும் தான்முந் துறும்' என்னும் குறள், ஓடினின் நிலையை எவ்வளவு சரியாகச் சொல்கிறது! தன் முடிவை முன்னறிந்த அவர், போரில் மடிந்த வீரர்களை இறுதிப் போருக்காகத் தம் மண்டபமான வால்ஹல்லாவில் திரட்டிவைக்கிறார். அத்தனை சூழ்ச்சியையும் முந்திக்கொண்டு ஊழ் வந்து நிற்கிறது.

ஆகவே 'தெய்வங்களின் ஊழ்' என்பதே நேரான பெயர்ப்பு. 'தெய்வ ஊழ்' என்று சுருக்கினால் தெய்வம் விதித்த ஊழ் என்று மயங்க இடமுண்டு. பன்மையும் வேற்றுமை உருபும் வெளிப்படையாக நிற்பதே நல்லது. நிகழ்ச்சியை மட்டும் சுட்ட வேண்டிய இடங்களில் 'ஊழி' என்று எழுதலாம். யுகத்தையும் யுக முடிவையும் ஒருங்கே குறிக்கும் அச்சொல்லில், வொலுஸ்பாவின் இறுதிக் காட்சிக்கும் இடம் இருக்கிறது: ஊழி பெயர்ந்தபின் பூமி கடலிலிருந்து மீண்டும் பசுமையாய் எழுகிறது, முன்பே இறந்த ஓடினின் மகன் பால்டர் திரும்பி வருகிறார், எஞ்சிய தெய்வங்கள் பழைய நாள்களில் தாங்கள் ஆடிய பொற்காய்களைப் புல்லிடையே கண்டெடுக்கின்றன.