மாஸ்ட்டில் துளை போடும் முன்

சென்ற பருவத்தில் ஒரு எஃப்18 படகின் மாஸ்ட், அதாவது பாய்மரம், இரண்டு துண்டாக என் பட்டறைக்கு வந்தது. எஃப்18 என்பது 18 அடிப் பந்தயக் கேட்டமரான், அதாவது இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு. இருவர் ஓட்டுவது, மாஸ்ட் அலுமினியம், சுமார் 9 மீட்டர் உயரம். உடைந்த இடத்தைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. மாஸ்ட்டைப் பக்கங்களில் பிடிக்கும் ஷ்ராவுட் கம்பிகளும் முன்னால் பிடிக்கும் ஃபோர்ஸ்டே கம்பியும் வந்து சேரும் இடம் ஹவுண்ட். அதற்குச் சற்று மேலே, ஸ்பின்னேக்கர் என்ற பெரிய முன்பாயை ஏற்றும் கயிறான ஹாலியார்டுக்கான கப்பியை மாட்டப் புதிதாக நான்கு ரிவெட் துளைகள். நான்கும் ஒரே மட்டத்தில், அரைஞாண் கட்டியதுபோல. விரிசல் ஒரு துளையில் தொடங்கி அடுத்ததற்குத் தாவியிருந்தது. துளைகளின் விளிம்பில் விரல் வைத்தால் பிசிறு குத்தியது.

ஹவுண்டுக்கு மேலே மாஸ்ட்டைப் பிடிக்கக் கம்பி கிடையாது. ஸ்பின்னேக்கர் முன்னால் இழுக்கும்போது, மெயின் பாயின் பின்விளிம்பும், அந்தப் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான மெயின்ஷீட்டின் இறுக்கமும்தான் மாஸ்ட்டைப் பின்னுக்குத் தாங்குகின்றன. கப்பி மேலே போகப் போக வளைவும் கூடும். ஆகவே உங்கள் படகு வகுப்பின் பந்தய விதி தரும் உயர வரம்பை முதலில் பாருங்கள். அளவை மாஸ்ட்டின் அடியிலிருந்து எடுங்கள். துளைகளை மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். ஸ்பின்னேக்கர் ஏறியிருக்கும்போது மெயின்ஷீட்டை முழுவதும் தளர்த்தவே கூடாது.

இந்தப் படகுகளில் மாஸ்ட் அசையாமல் நிற்பதில்லை. அடியிலுள்ள குமிழின் மேல் உட்கார்ந்து இடமும் வலமும் திரும்பும். அதனால்தான் ஷ்ராவுட், ஃபோர்ஸ்டே, ஓட்டுபவர் படகுக்கு வெளியே சாய்ந்து தொங்க உதவும் டிரபீஸ் கம்பி எல்லாம் முன்பக்க நடுக்கோட்டில் ஒரே ஷேக்கிளில், அதாவது இணைப்பு வளையத்தில், தொங்குகின்றன. டிரபீஸ் கம்பியைப் பக்கவாட்டில் ரிவெட் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாஸ்ட் திரும்பியதும் ஒரு கம்பி சுற்றிக்கொள்ளும், தொங்கும் ஆளின் உயரம் மாறிவிடும்.

நான் செய்வது இதுதான். மாட்ட வேண்டிய பாகத்தை முதலில் டேப்பால் ஒட்டுவேன். கயிற்றைக் கோத்து, கடலில் எந்தத் திசையில் இழுக்குமோ அந்தத் திசையில் இழுத்து, மாஸ்ட்டை இருபுறமும் திருப்பிப் பார்ப்பேன். ரிவெட் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும். நேராகப் பிடுங்கினால் வந்துவிடும். அந்தக் கோணம் சரியான பிறகே பென்சில் குறி. பாரம் தாங்கும் இடத்தில் அலுமினிய ரிவெட் வேண்டாம், மோனெல் என்ற நிக்கல்-செம்புக் கலவை ரிவெட் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் பாகத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே காப்புப் பசை கட்டாயம். உப்புத் தண்ணீரில் இரண்டும் நேராக உரசிக் கிடந்தால், வெள்ளைப் பொடியாக அலுமினியம் கரைந்துபோகும்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாஸ்ட் காற்றடைத்த குழாய். படகு கவிழ்ந்தால் அதன் மிதப்புதான் முழுக்கத் தலைகீழாகப் போகாமல் தடுக்கிறது. அடைக்காத ஒரு ரிவெட் துளை போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். அப்புறம் இருவர் சேர்ந்தாலும் நிமிர்த்துவது பெரும்பாடு. வேலை முடிந்ததும் மாஸ்ட்டைக் கால் மணி நேரம் தண்ணீரில் கிடத்தி, தூக்கிச் சாய்த்து, உள்ளே சலசலப்புக் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

துளையே வேண்டாத இடங்களும் உண்டு. அந்த மாஸ்ட்டுக்குப் பதில் வந்த புதியதில், டிரபீஸ் கம்பிகளை ஹவுண்ட் ஷேக்கிளிலேயே டைனீமா என்ற வலுவான செயற்கை இழைக் கயிற்றால் கட்டிவிட்டேன். கேட்டமரான் என்ற பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதானே! கயிறு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.